திறக்காத ஆறு பக்கங்கள்

அந்தச் சனிக்கிழமை காலை ஈப்போ பெரிய மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்தின் தலைமைத் தாதியான மிஸ்ஸி குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, சில பேரோட பக்கம் தொறக்க மாட்டேங்குது. காணவில்லைன்னு வருது. திங்கக்கிழமைக்கு இவங்களுக்கு எப்படி ஓகே போடறது? கொஞ்சம் பாருலா."

அந்த நிலையத்துக்கு நான் ஒரு இணையச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே வருகிறவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். பாதிப் பேர் ஊருக்கு வெளியே இருந்து வருகிறவர்கள். ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்தின் பழைய லய வீடுகளை விட்டு வெளியேறாத குடும்பங்கள் அதில் உண்டு. விடிவதற்குள் ஒரு வேன் போய் அவர்களை ஏற்றிவரும். யார் யாரை ஏற்றவேண்டும் என்பது அதுவரை ஒரு தடித்த நோட்டிலும் வேன் ஓட்டும் அண்ணனின் தலைக்குள்ளும் இருந்தது. என் செயலி வந்ததும் அது மாறவிருந்தது. மிஸ்ஸி ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து 'வருகிறார்' என்ற பட்டனை அழுத்துவார். உடனே அந்தப் பெயர் வேன் அண்ணனின் கைப்பேசிப் பட்டியலில் விழும். வருகிற திங்கட்கிழமைதான் முதல் நாள்.

மீன்காரரிடம் பையை வாங்கிக்கொண்டே பதில் தட்டினேன். "அக்கா, பிரவுசர் கேஷைக் கிளியர் பண்ணிட்டு ரிஃப்ரெஷ் பண்ணுங்க."

எங்கள் தொழிலில் இது யோசித்துச் சொல்கிற பதில் இல்லை. தும்மினால் கை மூக்குக்குப் போவது மாதிரி தானாக வருவது. பல நேரம் பலிக்கவும் செய்யும். பழைய நகலை பிரவுசர் பிடித்து வைத்திருக்கும், அதைத் துடைத்தால் சரியாகிவிடும்.

அக்கா துடைத்தார். சரியாகவில்லை. திறக்காத ஒருவரின் பெயரைப் படம் பிடித்து அனுப்பினார். வீட்டுக்குப் போனதும், மீன் பையைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்து அதே பெயரைத் தட்டினேன். சோதனைக்காக, நிலையத்துப் பெயர்களோடு என்னிடம் வைத்திருந்த செயலியின் நகல் அது. பக்கம் ஒரு நொடியில் திறந்தது.

"என்கிட்ட நல்லாத்தான் இருக்குக்கா. உங்க பக்கம் லைன் ஸ்லோவா இருக்கும்," என்று அனுப்பினேன்.

"சரிம்மா," என்று வந்தது.

அந்த 'சரிம்மா'வை நம்பிக்கொண்டு நான் மீனைப் பொரித்துச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தச் செய்தியும் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. வேலை செய்கிற செயலிக்கு யாரும் நன்றி சொல்லி அழைப்பதில்லை, அமைதியாக இருந்தால் எல்லாம் சரி என்றுதான் அர்த்தம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பசியாறிவிட்டு அலுவலக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அக்கா அழைத்தார். இந்த முறை குரல் செய்தி இல்லை.

"தங்கச்சி, நம்ம அங்கிள் ஒருத்தர ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. மூச்சு வாங்குதாம். நேத்து அவர வேன் ஏத்தல."

"ஏன் ஏத்தல?"

"பேரு லிஸ்ட்ல இல்ல."

படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா சொல்லச் சொல்ல, நடந்தது ஒவ்வொன்றாகப் புரிந்தது. மொத்தம் ஆறு பேர் பக்கம் திறக்கவில்லை. அக்கா ஆறு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டிருக்கிறார். ஐந்து பேர் எடுத்தார்கள், பிள்ளைகள் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். ஆறாவது ஆள் பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு பழைய தோட்டத்தில் மனைவியோடு இருப்பவர். அங்கே லைன் பிடிக்காது. போன் போகவில்லை. தாப்பாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவர் இடையிடையே போய், அங்கேயே ஒரு நிலையத்தில் சுத்திகரிப்பு செய்துகொள்வது உண்டு. இந்த முறையும் அப்படித்தான் போயிருப்பார் என்று அக்கா நினைத்துவிட்டார். பெயர் பட்டியலில் இல்லாததால் வேன் அண்ணனும் அப்படியே நினைத்தார். அங்கிளும் அவர் மனைவியும் இருட்டிலேயே தோட்டத்து முச்சந்திக்கு வந்து நின்றார்கள். வேன் வரவில்லை. நன்றாக வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, நேரத்தை மாற்றிவிட்டார்கள் போல என்று வீடு திரும்பியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை செய்தவருக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஏற்கனவே இடைவெளி. அதோடு திங்களும் சேர்ந்துவிட்டது. உடம்பில் தேங்கிய நீர் செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியல. உள்ள வச்சிருக்காங்க. நீ மொதல்ல இதைப் பாரு. நாளைக்கு மறுபடி அதே செட் ஆளுங்க வரணும்."

நாற்காலியில் உட்கார்ந்த நினைவே இல்லை. உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த அரை மணி நேரத்தில் நான் நிறையத் தட்டினேன். பக்கங்களைத் தேடும் பகுதியை மாற்றினேன். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிப் பகுதியில் கை வைத்தேன். சந்தேகத்துக்குத் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையையும் திருத்தினேன். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து நேரே சர்வரில் ஏற்றினேன். எதற்காக மாற்றினேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. கை சும்மா இருக்க மறுத்தது, அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து செய்தி. "இப்ப உள்ளேயே போக முடியல. எல்லாருக்கும் போச்சு."

என் பக்கத்து மேசையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் இருந்தார். என் வயதுதான், அதிகம் பேசமாட்டார். என் திரையைப் பார்த்தார். "அலாமாக்" என்று அதிர்ச்சியோடு மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் கணினியிலிருந்தே நான் ஏற்றியது அத்தனையையும் பின்வாங்கி, திங்கட்கிழமை இருந்த நிலைக்குக் கொண்டுபோனார். உள்ளே போக முடிந்தது. ஆறு பக்கங்கள் மட்டும் முன்போலவே திறக்கவில்லை.

"அவங்க திரையை நீ பார்த்தியா?" என்று மலாயில் கேட்டார்.

பார்க்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து நான் பார்த்தது என் திரையைத்தான்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிலையம் பதினைந்து நிமிட ஓட்டம். ஒவ்வொரு சிக்னலிலும் விரல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தது. அங்கிளின் முகம் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் எனக்கு அட்டவணையில் ஒரு வரி. ரத்த வகை, ஏறும் இடம், கிழமைகள். சுண்ணாம்பு மலைகள் சாலையோடு கூடவே வந்தன. எப்போதும் பார்க்கிற மலைகள்தான், அன்றைக்கு அவற்றைத் தாண்டவே முடியாது போலிருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியது. பின்னால் இயந்திரங்கள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமைக்காரர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்.

"நீங்க எப்பவும் செய்றாப்ல செய்யுங்கக்கா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சும்மா பாக்குறேன்."

அவர் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தார். திறந்தது. அடுத்தது, திறந்தது. நான் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, திறக்கும் பெயரை ஒன்றிலும் திறக்காத பெயரை மற்றதிலும் எழுதிக்கொண்டே வந்தேன். சீனர்கள் எல்லாருடைய பக்கமும் திறந்தது. மலாய்க்காரர்கள் எல்லாருடையதும் திறந்தது. தமிழர்களில் பாதிப் பேருடையது திறந்தது. ஆறு பேருடையது திறக்கவில்லை.

அக்கா என் தாளை எட்டிப் பார்த்தார். "நம்ம ஆளுங்களத்தான் இதுக்குப் பிடிக்கல போல," என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழராக இருப்பதுதான் காரணம் என்றால் மற்றத் தமிழர்களின் பக்கம் எப்படித் திறக்கிறது?

"இந்த ஆறு பேர யாருக்கா பதிஞ்சது?"

"புதுசா வந்த கிளார்க். ஐசியப் பாத்து அப்படியே போட்டாங்க. பழைய ஆளுங்கள நான் போட்டேன். நான் நம்ம கூப்பிடுற பேரத்தான் போடுவேன்."

ஐசியில், அடையாள அட்டையில், இருக்கிறபடி. அதற்குப் பிறகு எனக்கு ஆறு பெயர்களும் வேறு மாதிரி தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஏ/எல் அல்லது ஏ/பி இருந்தது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று இந்த நாட்டில் எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் அடையாள அட்டையில் போடுவது. இரண்டு எழுத்து, நடுவே ஒரு சாய்வுக்கோடு.

அக்கா பதிந்த பழைய பெயர்களில் அந்தக் கோடு இல்லை.

மேலே முகவரிப் பட்டியைப் பார்த்தேன். ஒவ்வொருவர் பக்கத்தின் முகவரியிலும் அவர் பெயரையே வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும், மிஸ்ஸிகளுக்கும் சுலபமாக இருக்கும் என்று நானே யோசித்துச் செய்தது. ஆனால் இணைய முகவரியில் சாய்வுக்கோடு என்றால் சுவர் மாதிரி. ஒரு அறை முடிந்து அடுத்த அறை ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அப்பா பெயருக்கு முன்னால் வருகிற அந்தக் கோட்டைக் கண்டதும், எதுவோ ஒன்று இல்லாத அறையைத் தேடிப்போய்விட்டு, காணவில்லை என்று திரும்பி வந்திருக்கிறது.

அப்படியானால் என் மடிக்கணினியில் மட்டும் எப்படித் திறந்தது? அதைத்தான் சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டும்.

வாசலுக்கு வந்து மலாய்க்கார நண்பரை அழைத்தேன். ஆறு பேரில் ஒருவரின் முகவரியைச் சொல்லி, சர்வரின் பதிவேட்டில் அது என்ன ஆகிறது என்று பார்க்கச் சொன்னேன். அவர் தேடும்வரை நான் வேன் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"உன் செயலிகிட்ட அது வந்து சேரவே இல்ல," என்றார். "முன்னாலேயே திருப்பி அனுப்பிடுச்சு."

எங்கள் சர்வரில் செயலிக்கு முன்னால் காவலாளி மாதிரி இன்னொரு மென்பொருள் உண்டு. வெளியிலிருந்து வருகிற எல்லா முகவரியையும் அதுதான் முதலில் படித்துப் பார்த்து உள்ளே விடும். முகவரிக்குள் ஒளிந்து வருகிற சாய்வுக்கோட்டை அது சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடும். என் மடிக்கணினியில் அந்தக் காவலாளி கிடையாது. அதனால்தான் என்னிடம் எல்லாம் நன்றாக இருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பொய் நோயாளியைப் பதிய வேண்டியிருந்தது. அக்காவின் கணினியில் உட்கார்ந்து, வேறு பெயர் தோன்றாமல், என் பெயரையே ஐசியில் இருக்கிற மாதிரி முழுசாகத் தட்டினேன். ஏ/பி, அப்பா பெயர், எல்லாம். திறக்கவில்லை. கோட்டை மட்டும் அழித்தேன். திறந்தது. மறுபடி கோட்டைப் போட்டேன். காணவில்லை.

திரையில் என் பெயருக்குக் கீழே காணவில்லை என்று இருந்தது. மூன்று மாதம் அந்தச் செயலியை எழுதியபோது நான் இருபது முப்பது பொய்ப் பெயர்கள் பதிந்து சோதித்திருக்கிறேன். எல்லாம் சின்னச் சின்னப் பெயர்கள். ஒன்றில்கூட ஏ/எல் இல்லை, ஏ/பி இல்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. விமான டிக்கெட் படிவம், வங்கிப் படிவம் என்று எத்தனையோ இடத்தில் அந்தக் கோட்டை ஏற்காமல் சிவப்பு எழுத்து வந்து, நானே எடுத்துவிட்டுப் பெயரைப் பதிந்து பதிந்து, அது இல்லாமல் எழுதுவதே பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் எழுதிய படிவங்கள் எனக்குச் செய்ததை, நான் எழுதிய படிவம் ஆறு பேருக்குச் செய்திருக்கிறது.

"அப்ப கோட்டை எடுத்துட்டா போதும்தானே?" என்றார் அக்கா. "ஆறு பேருதானே, இப்பவே எடுத்துடறேன்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக் கடிதத்தில் பெயர் ஐசியோடு ஒத்துப்போக வேண்டும். அதைவிட, நாளைக்கு வருகிற ஏழாவது ஆளுக்கும் இதேதான் நடக்கும்.

"வேணாங்கா. பேரு பேராவே இருக்கட்டும். நான் முகவரிய மாத்துறேன்."

பெயரை முகவரியிலிருந்தே எடுத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அந்த எண்தான் இனி முகவரி. முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். நோயாளியின் பெயர் முகவரிப் பட்டியில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கிடந்ததே தப்பு. அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை ஒரே ஒரு மாற்றம். நண்பர் அலுவலகத்தில் காவலாளியோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். மாலை நாலு மணிக்கு அக்கா ஆறு பேரையும் வரிசையாகத் திறந்தார். ஆறும் திறந்தன. அங்கிளின் பக்கம் கடைசியாகத் திறந்தது. அக்கா 'வருகிறார்' பட்டனுக்குப் பக்கத்தில் கையை வைத்திருந்தார், அழுத்தவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். அந்த நான்கு நாளும் என்னால் ஒரு இடத்தில் நிலையாக இருக்க முடியவில்லை. சர்வர் பதிவேட்டைத் திறந்து காணவில்லை என்று எங்காவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மூடுவேன். மறுபடி திறப்பேன். சமைக்கும்போது அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்ப்பேன். அக்காவுக்குச் செய்தி அனுப்பினால் "பரவால, தேறிட்டாரு" என்று வரும். அது 'சரிம்மா' மாதிரியே எனக்குக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரைப் பார்க்கப் போனேன். வேன் அண்ணன் தானும் வருவதாகச் சொன்னார். அவர் காரில்தான் போனோம். பத்து காஜாவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. தோட்டத்துக்குள் திரும்புகிற முச்சந்தி வந்ததும் அண்ணன் காரை மெதுவாக்கினார்.

"இங்கதான் நிப்பாங்க," என்றார். "மூணு வருஷமா ஏத்துறேன். அன்னிக்கு இந்த ரோட்டுல நேரா போனேன் தங்கச்சி. லிஸ்ட்ல இல்ல, சரின்னு திரும்பாம போயிட்டேன். பழைய நோட்டா இருந்தா திரும்பிப் பாத்திருப்பேன்."

கார் முச்சந்தியில் உள்ளே திரும்பியது.

லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அங்கிள் உள்ளே ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி. இடது கையில் ஊசி ஏற்றும் இடம் புடைத்திருந்தது. அவர் மனைவி அண்ணனைப் பார்த்து முகம் மலர்ந்தார். அண்ணன் என்னைக் காட்டி, "இவங்கதான் அந்த கம்ப்யூட்டர் செஞ்சவங்க," என்றதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"நீதானா பிள்ள?" என்றார்.

"ஆமாங்க ஆண்ட்டி. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"மன்னிப்பு இருக்கட்டும். அஞ்சு மணிக்குலாம் எழுந்து அந்த முக்குல போயி நின்னோம். கொசு. ஒக்கார எடமில்ல. இவரு ஒத்தக் கால்ல மாத்தி மாத்தி நிக்கிறாரு. வரும் வரும்னு பாத்தா வரல. ராத்திரி முழுக்க இவரு ஒக்காந்தே இருந்தாரு, படுத்தா மூச்சு முட்டுது. நான் என்னா செய்யட்டும்? போன் எடுத்தா லைன் இல்ல. கோயில் மேட்டுக்கு ஏறிப் போயி நின்னாத்தான் லைன். இவர விட்டுட்டு எப்படிப் போறது?"

தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அங்கிள் கையை உயர்த்தி, "போதும், போதும், அந்தப் பிள்ள வந்திருக்கில்ல," என்றார். பிறகு என்னிடம், "என்னாதாம்மா கோளாறு?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். காடு வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவராம்.

சொன்னேன். அவர் பெயரில் இருக்கிற கோடு, முகவரி, முன்னால் நிற்கிற காவலாளி எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார்.

"ஏ/எல்ல இருக்கே, அந்தக் கோடா?"

"ஆமா அங்கிள்."

"அது நான் போட்டது இல்லியே. பதிவு ஆபீஸ்ல போட்டது."

"தெரியும் அங்கிள். தப்பு என்னோடது."

அவர் மனைவிக்கு அந்த விளக்கம் போதவில்லை. சமையல்கட்டுக்குப் போக எழுந்தவர் நின்று, அண்ணனைக் காட்டி என்னிடம் கேட்டார். "கோடோ என்னாவோ, அது மிசினுக்குத் தெரியாது. இந்தத் தம்பிக்கு இவரத் தெரியும்ல? மூணு வருஷமா தெரியும். உன் கம்ப்யூட்டரு இவரு இல்லன்னு சொன்னா, இந்தத் தம்பியும் இல்லன்னு நம்பணுமா?"

 

அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கங்கள் திறக்காத பிழையைத் திருத்திவிட்டேன், சரி. ஆனால் உறுதி செய்யாத ஆளை நான் பட்டியலிலிருந்தே மறைத்துவிட்டிருந்தேன். அது கோட்டினால் வந்த பிழை இல்லை. சுத்தமாக, சின்னதாக இருக்கவேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்தது. அண்ணனின் கைப்பேசியில் அன்றைக்கு அங்கிளைப் பற்றிய ஒரு எழுத்தும் இல்லை. இருந்திருந்தால் முச்சந்தியில் திரும்பியிருப்பார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அதை மாற்றினேன். இப்போது அந்தக் கிழமைக்கு உரிய எல்லார் பெயரும் பட்டியலில் இருக்கும். மிஸ்ஸி உறுதி செய்தவர் பச்சை. உறுதி செய்யாதவர் சிவப்பு. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் 'கேட்டுப் பார்க்கவும்' என்று இருக்கும். அண்ணன் ஏற்றினாரா, ஏற்றவில்லை என்றால் ஏன் என்று ஒரு வார்த்தையாவது போடாமல் பட்டியலை மூட முடியாது. நண்பர் அதைப் பார்த்துவிட்டு, திரை அழகாக இல்லை என்றார். இல்லைதான்.

அதே திங்கட்கிழமை அங்கிள் நிலையத்துக்கு வந்தார். நான் போகவில்லை. அக்கா படம் அனுப்பினார், போர்வைக்குள்ளிருந்து அவர் கட்டைவிரலைக் காட்டுகிறார். அவர் மனைவி இப்போதும் என் செயலியை நம்புவதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் நாள் சாயங்காலம் கோயில் மேட்டுக்கு ஏறி அண்ணனுக்குப் போன் போட்டு, "நாளைக்கு வாரீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறாராம். அண்ணன் இதைச் சொன்னபோது சலித்துக்கொள்ளவில்லை.

போன மாதம் பாகான் செராயில் இன்னொரு நிலையம் இதே செயலியைக் கேட்டது. வயல்களுக்கு நடுவில் போகிற சாலையில் காலையிலேயே கிளம்பிப் போனேன். அங்கே பதிவு செய்கிற அக்காவிடம் எல்லாருடைய ஐசியையும் வாங்கி, ஒரு எழுத்து விடாமல் அப்படியே தட்டச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் தோன்றாத பெயர்களெல்லாம் வந்தன. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், நடுவில் மின்னஞ்சலில் போடுகிற சுழிக்குறி. எழுத்துகளுக்கு நடுவே மேலே ஒற்றை மேற்கோள்குறி மாதிரி ஒரு சின்னக் கொம்பு தொங்குகிற பெயர்கள். அப்பா பெயரே இல்லாமல் ஒற்றைச் சொல்லில் நிற்கிற ஒரு அம்மா. கட்டத்துக்குள் அடங்காத நீளத்தில் ஒரு பெயர், கடைசி மூன்று எழுத்தை என் படிவம் சத்தமில்லாமல் வெட்டிவிட்டிருந்தது. கட்டத்தை அங்கேயே நீட்டினேன். மீதிப் பெயர்களை மறுபடி முதலிலிருந்து திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

"எல்லாம் தொறக்குதுலா," என்றார் அந்த அக்கா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "வா, சாப்பிடப் போலாம். மணி ரெண்டாச்சு."

"இன்னும் பதினோரு பேருதான்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த ஐசிக்குக் கையை நீட்டினேன்.